கற்பனை நாட்டில் கள்ளனுக்கு என்ன தண்டனை?

வாசகர் கேள்வி – பதில்

வாளும் மந்திரமும் நிறைந்த நாடுகளைக் கதையாக எழுதுகிறவர்களும், மேசையைச் சுற்றி இருந்து பகடை உருட்டி அதே கதைகளை விளையாடுகிறவர்களும் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில் கொலைக்களத்தைப் பற்றிய கேள்விகளே அதிகம். கதை பிழைப்பது பெரும்பாலும் அதற்கு முன்னால்தான்: கள்ளனை யார் பிடிப்பது, பிடித்தவனுக்கு யார் சோறு போடுவது, அவனுடைய காணி யாருக்குப் போவது. பதில்களையும் அந்த ஒழுங்கிலேயே தருகிறோம்.

வாசகி, வெள்ளவத்தை: என் நாவலில் சந்தையில் முத்துமாலை களவெடுத்த இளைஞனுக்கு அரசன் பத்து வருடம் பாதாளச் சிறை கொடுக்கிறான். வாசித்த சினேகிதி, அந்தக் காலத்தில் இப்படி நடக்காது என்கிறாள். யார் சொல்வது சரி?

சினேகிதி சொல்வதுதான் சரி. மத்தியகாலச் சிறை நம்முடைய விளக்கமறியல் மாதிரி. நீதிபதி ஊருக்கு வரும்வரை, அல்லது தண்டப்பணம் கட்டித் தீரும்வரை ஆளை வைத்திருக்கும் இடம், அவ்வளவுதான். இங்கிலாந்தில் அரசனின் நீதிபதிகள் வருடத்துக்குச் சில தடவைகள் மாவட்டச் சிறைக்கு வந்து, உள்ளே இருந்தவர்களை வரிசையாக விசாரித்து, சிறையைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். தூக்கோ, கசையடியோ, தண்டமோ, விடுதலையோ, ஏதாவது ஒன்று உடனே நடந்தது. ஒருவனைப் பத்து வருடம் அடைத்து வைக்க வேண்டுமானால் காவலாளிக்கும் பத்து வருடச் சம்பளம் வேண்டும். அப்படியான அரசிடம் அந்தப் பணம் கிடையாது.

கைதிக்குச் சாப்பாடு போடுவது தன் வேலை என்று சிறைக்காவலனும் நினைக்கவில்லை. இலண்டன் நியூகேட் சிறையில் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கைதியே காசு கொடுத்தான். காலில் கிடந்த விலங்கைக் குறைக்க ஒரு கட்டணம். குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்த பிறகு வெளியே போகவும் ஒரு கட்டணம்! காசில்லாதவன் உறவினரின் பொட்டலத்தையும் பிச்சையையும் நம்பிக் கிடந்தான். ஆகவே இளைஞனை மூன்று மாதம் மறியலில் வையுங்கள், போதும். தாயார் தினமும் சோறு கொண்டுவர, வாசலில் நிற்கிறவன் பாதியை எடுத்துக்கொள்கிறான் என்று எழுதினால் பாதாள அறையை வர்ணிக்கவே வேண்டியதில்லை.

நீண்டகாலம் அடைபட்டவர்கள் வேறு வகை: கடன்காரர், பணயக்கைதிகள், முடிக்கு உரிமை உள்ள சகோதரர்கள். அவர்களையும் சுவருக்குள்தான் வைக்க வேண்டும் என்றில்லை. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் 1660இல் பிடித்த ஆங்கிலேயக் கப்பற்காரர்களை ஆளுக்கொரு ஊராகப் பிரித்து விட்டான். அவர்களுக்கு உணவு கொடுப்பதும் அவர்கள்மேல் கண் வைத்திருப்பதும் ஊராரின் பொறுப்பு. ஊர்கள் கொடுத்தன, அரச களஞ்சியத்தில் ஒரு மணி குறையவில்லை. அவர்களில் ஒருவரான றொபேட் நொக்ஸ் தப்ப முடிந்தது 1679இல்தான். கணவாய்களில் முட்கதவுகள் இருந்தன. தாண்டிப் போகக் களிமண்ணில் முத்திரை குத்திய அனுமதிச் சீட்டு வேண்டும். போர்வீரனுக்கு ஈட்டியைத் தோளில் வைத்த மனிதனின் உருவம், கூலியாளுக்கு இரண்டு பக்கமும் பை தொங்கும் தடியைச் சுமந்தவனின் உருவம், வெள்ளைக்காரனுக்குத் தொப்பியும் இடுப்பில் வாளும் உள்ளவனின் உருவம். எழுதப் படிக்கத் தெரியாத காவலாளியும் ஆளையும் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் நாட்டுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வாசகர், கொட்டாஞ்சேனை: என் நகரத்தில் சீருடை போட்ட காவற்படை இருக்கிறது. ஆனால் பொலிஸ் மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொலிஸ் இல்லாமல் எப்படிக் கள்ளனைப் பிடிப்பது?

ஊரைப் பிணையாக்குவதுதான் வழி. இதற்கு நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே, அநுராதபுரப் பக்கம் கிடைத்த 10ஆம் நூற்றாண்டு வேவல்கெட்டிய கல்வெட்டில் இருக்கிறது. பத்துக் கிராமம் சேர்ந்து ஓர் அலகு. கொலையோ கொள்ளையோ நடந்தால் அந்தப் பத்து ஊரின் குடும்பத்தலைவர்களே விசாரித்துக் குற்றவாளியைத் தண்டனைக்கு உட்படுத்த வேண்டும். 45 நாட்களுக்குள் ஆள் அகப்படவில்லையென்றால் பத்து ஊரும் சேர்ந்து 125 கழஞ்சு பொன் அரசுக்குக் கட்ட வேண்டும். 1285இல் இங்கிலாந்தின் வின்செஸ்டர் சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொன்னது: கொள்ளை நடந்த வட்டாரம் 40 நாட்களுக்குள் கள்ளனைக் கொண்டுவராவிட்டால் நட்டத்துக்கு வட்டாரமே பொறுப்பு. இரண்டு தேசத்துக்கும் தொடர்பு கிடையாது. பொலிஸ் வைக்கக் காசில்லாத அரசு எங்கே இருந்தாலும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேரும்.

இங்கிலாந்தின் நடைமுறை இப்படி. பிணத்தை முதலில் கண்டவர் கூக்குரல் போட வேண்டும். கேட்டவர்கள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு, அகப்பட்ட ஆயுதத்தோடு வர வேண்டும். வராதவருக்குத் தண்டம். துரத்தி எல்லை வரை போய், அங்கே அடுத்த ஊராரிடம் கூக்குரலைக் கையளிக்க வேண்டும். மரண விசாரணை அதிகாரி வரும்வரை பிணத்தைப் புதைக்கக்கூடாது. முதலில் கண்டவரும் பக்கத்து நாலு வீட்டாரும் விசாரணைக்கு வருவோம் என்று பிணை கொடுக்க வேண்டும். அதே வின்செஸ்டர் சட்டப்படி சூரியன் மறைந்ததும் நகரக் கதவு பூட்டப்படும், விடியும்வரை திறபடாது. கோடைகாலத்தில் வாசல் ஒன்றுக்கு ஆறு பேர் காவல். பெருவழிகளின் இரண்டு பக்கமும் 200 அடிக்குப் பற்றை வெட்டி வைக்க வேண்டும், கொள்ளைக்காரன் பதுங்க முடியாதபடி.

இதில் என்ன கெடும்? கொலை தெரியவந்தால் ஊருக்குச் செலவு. எனவே ஊருக்குக் கொலை தெரியாமல் இருப்பதே இலாபம். பிணத்தை இரவோடிரவாகப் பக்கத்து வட்டாரத்து எல்லைக்குள் போட்டுவிட்டால் தண்டம் அவர்களுக்கு. முதலில் கண்டவன் கண்டும் காணாததுபோல் போய்விடுவான். 44ஆம் நாள் ஊர்க்கூட்டத்தில் கதை கேட்பாரற்ற ஒரு பரதேசியின் பக்கம் திரும்பும். உங்கள் கதாநாயகன் அந்தப் பரதேசியாக இருக்கட்டும்.

காவற்படையை விடவே மனமில்லையென்றால், அதற்குத் துப்பறியும் வேலையைக் கொடுக்காமல் ஊரடங்கு வேலையைக் கொடுங்கள். பழைய இந்திய அரசியல் நூலான அர்த்தசாஸ்திரத்தில் சூரியன் மறைந்து ஆறு நாழிகைக்குப் பிறகும் விடியலுக்கு ஆறு நாழிகை முன்பும் வாத்தியம் ஒலிக்கும். இடையில் தெருவில் நடமாடினால் தண்டம். வைத்தியர் ஒருவர் இரகசியமாகக் காயத்துக்கு மருந்து போட்டால் அதை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும், மறைத்தால் அவரும் குற்றவாளி. கதைக்கு மிகவும் உதவக்கூடிய சட்டம் இது. அடிபட்ட கள்ளன் இனி எந்த வைத்தியர் வீட்டுக் கதவைத் தட்டுவான்?

விளையாட்டுக் குழு ஒன்று, தெஹிவளை: எங்கள் விளையாட்டில் அடிதடிக்கும் கொலைக்கும் தண்டப்பணம் வைத்திருக்கிறோம். ஆனால் பொற்காசு சேர்ந்ததும் விளையாடுபவர்கள் யாரையும் வெட்டிவிட்டுக் காசை எறிந்துவிட்டுப் போகிறார்கள். தொகையை எப்படி அமைப்பது?

தொகையைக் கூட்டினால் தீராது. யாருக்குக் கட்டுவது, யார் கட்டுவது என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் அலகு. கூலியாளின் ஒரு நாட்கூலியை ஒரு காசாக வையுங்கள். இங்கிலாந்தில் 12 பென்ஸ் என்பதே எல்லைக்கோடு: அதற்குக் கீழே சில்லறைக் களவு, மேலே போனால் தூக்கு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் கூலியாளுக்கு நாளுக்கு ஒன்றரை, இரண்டு பென்ஸ்தான். அதாவது ஒரு வாரக் கூலிக்குமேல் களவெடுத்தால் உயிர் போகும். இரக்கப்பட்ட யூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? களவு போன பொருளின் மதிப்பை வேண்டுமென்றே 12 பென்ஸுக்குக் கீழே சொன்னார்கள். வெள்ளவத்தை வாசகியின் முத்துமாலையை மட்டும் எந்த யூரியாலும் அப்படிக் குறைத்துச் சொல்ல முடியாது. வேறு மாலை பார்ப்பது நல்லது.

அடுத்தது உடம்பு. கி.பி. 600ஐ ஒட்டி இங்கிலாந்தின் கென்ற் நாட்டு அரசன் எதெல்பேர்ட் போட்ட சட்டத்தில் உறுப்புக்கு உறுப்பு விலை இருக்கிறது. கண்ணுக்கு 50 சிலிங், பாதத்துக்கு 50, கைப் பெருவிரலுக்கு 20, அதன் நகத்துக்கு மட்டும் 3. கால் பெருவிரலுக்கு 10, கைவிரலில் சரிபாதி. முன்பல் நான்குக்கும் பல்லொன்றுக்கு 6, அதற்குப் பக்கத்துப் பல்லுக்கு 4, பிறகு 3, பிறகு 1. கன்றிய காயத்துக்குக்கூட இரண்டு விலை: உடைக்கு வெளியே தெரிந்தால் 30 சில்லறைக் காசு, உடைக்குள் மறைந்தால் 20. ஊர் பார்த்தால் மானம் போகிறதே, அதற்கு அந்த மேலதிகப் பத்து. இந்த விகிதங்களை உங்கள் காசுக்கு மாற்றினாலே ஒரு பக்க அட்டவணை தயார்.

இனி பணக்கார வீரர்களை எப்படி அடக்குவது? ஒன்று, கொன்றவன் இறந்தவனின் உறவினருக்குக் கட்டும் உயிர்விலையைத் தகுதிப்படி வையுங்கள். தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டில் சாதாரணக் குடியானவனுக்கு 200 சிலிங், அரசனின் பிரபுவுக்கு 1200. வழக்கில் செய்யும் சத்தியத்துக்கும் அதே கணக்கு: பிரபு ஒருவரின் சத்தியம் குடியானவர் ஆறு பேரின் சத்தியத்துக்குச் சமம். குடியானவன் பிரபுவின்மேல் வழக்குப் போட்டால் ஆறு மடங்கு ஆட்களைக் கூட்டிவர வேண்டும். இரண்டு, உயிர்விலை கொன்றவனின் பையிலிருந்து மட்டும் போவதில்லை. தந்தைவழியும் தாய்வழியும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். விளையாடுபவனின் மாமன் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "உன்னால் நான் இரண்டு மாடு விற்றேன்" என்று சொல்லட்டும். மூன்று, உயிர்விலை உறவினருக்குப் போனாலும் அரசனுக்குத் தனியாக ஒரு தண்டம் உண்டு. நான்கு, இறந்தவனின் உறவினர் காசை வாங்க மறுக்கலாம். மறுத்தால் பழிக்குப்பழி. பழிக்குப் பயந்து கதவருகே படுத்துத் தூங்குகிற வீரன் எவ்வளவு பணக்காரனானாலும் சுகமாக விளையாட முடியாது.

கைத்தவறாக நடந்த கொலைக்குச் சோழர் காலத்து வழி ஒன்று இருக்கிறது. வேட்டையில் அம்பு தவறி ஆள் செத்தால், கோயிலில் இறந்தவன் பேரில் நந்தாவிளக்கு வைக்கச் சொல்லித் தீர்த்த கல்வெட்டுகள் பல உண்டு. ஒரு விளக்குக்கு 96 ஆடு. அவற்றை இடையன் பொறுப்பேற்றுத் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டியால் எண்ணிக்கை நிறைய வேண்டும். ஆகவே கல்வெட்டு அவற்றைச் "சாவா மூவாப் பேராடு" என்கிறது. கொன்றவன் செத்த பிறகும் விளக்கு எரிகிறது, இடையனின் பேரன் நெய் அளக்கிறான். உங்கள் வீரர்களுக்குச் சொல்லுங்கள், 96 ஆட்டை ஓட்டிக்கொண்டு அடுத்த குகைக்குப் போக முடியாது என்று.

வாசகர், மருதானை: எங்களுடையது பேக்கரி. அந்தக் காலத்தில் பாண் நிறை குறைந்தால் என்ன செய்வார்கள்?

450 கிராமுக்குக் குறைந்தால் இப்போது வழக்குத்தானே, அப்போது ஊர்வலம். 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பாண் சட்டத்தில் விலை மாறாது, நிறைதான் மாறும். கோதுமை விலை ஏறினால் அதே காசுப் பாண் சிறுக்கும். எவ்வளவு சிறுக்கலாம் என்பதற்கு அட்டவணை உண்டு. இலண்டனில் முதல்முறை அகப்பட்டவனைச் சறுக்குப் படலில் கட்டி, குறைந்த பாணைக் கழுத்தில் தொங்கவிட்டு, ஆள்கூட்டமும் அழுக்கும் மிகுந்த தெருக்களால் இழுத்துப் போனார்கள். இரண்டாம்முறை தொழுமரத்தில் ஒரு மணித்தியாலம். மூன்றாம்முறை அடுப்பை இடித்து, தொழிலையே விடுவதாகச் சத்தியம் வாங்கினார்கள்.

1327இல் அங்கே ஒரு நூதனக் களவு பிடிபட்டது. ஊராரின் மாவைப் பிசைந்து சுட்டுக் கொடுக்கும் பேக்கரிகளில் மேசைப் பலகையில் ஒரு துவாரம், அதற்கு மூடி. சொந்தக்காரி மாவை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே பார்த்துக்கொண்டு நிற்பாள். மேசைக்குக் கீழே குந்தியிருக்கும் ஆள் மூடியைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக மாவைக் கிள்ளிக் கீழே எடுத்துவிடுவான். மேசைக்கடியில் மாவு அகப்பட்டவர்களை, அந்த மாவையே கழுத்தில் கட்டித் தொழுமரத்தில் நிறுத்தினார்கள். தொழுமரம் என்றால் கழுத்தும் இரண்டு கையும் பலகைக்குள் மாட்டியபடி நிற்பது. காலை மாட்டி உட்கார வைப்பது வேறு, அது குட்டை. பல கதைகளில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. தொழுவில் நிற்பவன் முகத்தை மறைக்கவோ எறிகிற கல்லைத் தடுக்கவோ முடியாது. ஆகவே ஒரு மணித்தியாலம் என்பது சின்னத் தண்டனை இல்லை. கூட்டத்துக்கு அவன்மேல் எவ்வளவு கோபம் என்பதைப் பொறுத்து ஆள் செத்தும் போகலாம்.

வாசகி, பம்பலப்பிட்டி: என் உலகத்தில் மந்திரம் உண்மை. தெய்வமே நேரில் சாட்சி சொல்லும். அங்கே காய்ச்சிய இரும்பைப் பிடித்துச் சத்தியம் செய்வதெல்லாம் பொருந்துமா?

உண்மையில் எப்படி நடந்தது என்று முதலில் பார்ப்போம். ஆங்கில முறையில் இரும்பின் நிறை ஒரு இறாத்தல், பெரிய குற்றத்துக்கு மூன்று இறாத்தல். பூசை தொடங்கும்போது தணலில் வைத்த இரும்பு கடைசி மந்திரம் வரை அங்கேயே கிடக்கும். இரண்டு கட்சிக்கும் சம எண்ணிக்கையில் சாட்சிகள், எல்லோரும் நோன்பு. குற்றஞ்சாட்டப்பட்டவர் அதைத் தூக்கிக்கொண்டு ஒன்பது அடி நடந்து போட வேண்டும். கையைக் கட்டி முத்திரை வைப்பார்கள். மூன்றாம் நாள் அவிழ்க்கும்போது சீழ் வைத்திருந்தால் குற்றவாளி. கை சுட்டதா என்பது கேள்வியே இல்லை, சுடாமல் எப்படி இருக்கும்? புண் ஆறுகிறதா என்பதுதான் கேள்வி. தண்ணீர்ச் சோதனையிலும் எழுத்தாளர்கள் தலைகீழாக எழுதுகிறார்கள். தாழ்ந்தவர் நிரபராதி, அவரைக் கயிற்றால் இழுத்து எடுத்துவிடுவார்கள். மிதந்தவர்தான் மாட்டிக்கொள்வார்.

ஹங்கேரியின் வாராத் தேவாலயத்தில் 1208 முதல் 1235 வரை எழுதிவைத்த பதிவேடு ஒன்று இருக்கிறது; அந்த ஊர் இன்று ருமேனியாவின் ஒராடியா. முடிவு வரை போன 208 இரும்புச் சோதனைகளில் 130 பேர் தப்பினார்கள். இரும்பு எவ்வளவு நேரம் தணலில் இருக்கும் என்பது பாதிரியாரின் கையில், ஜெபம் நீளமா கட்டையா என்பதும் அவர் கையில், மூன்றாம் நாள் புண்ணைப் பார்த்துச் சொல்வதும் அவர். குற்றம் செய்தவன் அதற்கு முன்பே பயந்து ஒத்துக்கொண்டுவிடுவான். துணிந்து வருகிறவன் பெரும்பாலும் சுத்தமானவன் என்று அவருக்குத் தெரியும். 1215இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம் பாதிரிமாரை இதிலிருந்து விலக்கியதும் பல இடங்களில் இந்த முறை படுத்துவிட்டது, வாராத்தில் மட்டும் இன்னும் சில காலம் நடந்தது.

கண்டியில் வேறு மாதிரி. நொக்ஸ் எழுதுவதன்படி காணிச் சண்டையில் வாதி, பிரதிவாதி இரண்டு பேருமே கொதிக்கும் எண்ணெயில் விரலைத் தோய்த்து எண்ணெயை வெளியே தெறிக்கவிட வேண்டும், பிறகு கொதிக்கும் சாணத்திலும். கையைத் துணியால் கட்டி மறுநாள் பார்ப்பார்கள். யாருடைய தோல் முதலில் உரிகிறதோ அவர் பொய்ச் சத்தியம் செய்தவர். வழக்குப் போட்டவருக்கும் விரல் வேகும் என்பதால் அற்ப வழக்குகள் வரவே வராது.

இனி உங்கள் உலகம். தெய்வம் உண்மையிலேயே பதில் சொல்லுமானால் பாதிரியாரின் இந்தச் சூழ்ச்சிக்கெல்லாம் இடமில்லை, கூடவே கதைக்கும் இடமில்லாமல் போய்விடும். நம்முடைய சிலப்பதிகாரம் இதை அழகாகச் சமாளிக்கிறது. புகார் நகரத்துச் சதுக்கப்பூதம் எல்லாக் குற்றத்தையும் கவனிப்பதில்லை. பொய்ச்சாட்சி சொல்வோர், போலித் துறவிகள், பிறன்மனை நாடுவோர், புறங்கூறுவோர் என்று அதற்கு ஒரு பட்டியல் உண்டு. அவர்களைத்தான் பாசக் கயிற்றால் கட்டி அடித்து விழுங்கும். வெள்ளிடை மன்றத்தில் பொதிகள் காவல் இல்லாமல் கிடக்கும். களவெடுத்தவன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்து நோக அங்கேயே சுற்றிச் சுற்றித் திரிவான், வெளியேற முடியாது. பாவை மன்றத்துச் சிலை அரசன் முறை தவறினால் பேசாது, அழும். மூன்றுக்கும் ஓர் எல்லையும் ஒரு நிபந்தனையும் இருக்கின்றன. பொதியைக் களவெடுப்பவன் மாட்டுவான். அதே பொதியைப் பொய்க் கணக்கு எழுதி வாங்கிப் போகிறவன்? உங்கள் தெய்வத்துக்கும் அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று முதல் அத்தியாயத்துக்கு முன்னரே எழுதி வைத்துவிடுங்கள்.

வாசகர், கிராண்ட்பாஸ்: தூக்கில் தொங்கும் நாயகனை நண்பர்கள் வந்து கயிற்றை அறுத்துக் காப்பாற்றுகிறார்கள். நம்பும்படியாக இருக்குமா?

இருக்கும். பலகை திறந்து ஆள் ஆழமாக விழுந்து கழுத்து முறியும் முறை 1870களில் வந்தது. அதற்கு முன் ஏணியிலிருந்து தள்ளுவார்கள், அல்லது வண்டியைக் கீழிருந்து ஓட்டிவிடுவார்கள். விழுவது கொஞ்சத் தூரம்தான், மூச்சுத் திணறித்தான் சாக வேண்டும். அது கால் மணித்தியாலம்கூடப் போகலாம். சீக்கிரம் முடியட்டும் என்று உறவினரே காலைப் பிடித்து இழுத்த வழக்கம் உண்டு. 1290இல் வேல்ஸின் சுவான்சியில் தூக்கிலிட்ட ஒருவரும், 1650இல் ஒக்ஸ்போர்டில் தூக்கிலிட்ட ஒரு பணிப்பெண்ணும் இறக்கிய பிறகு பிழைத்து எழுந்தது பதிவில் இருக்கிறது. ஆனால் உங்கள் நாயகன் உடனே குதிரை ஏறக்கூடாது. பேச்சு வராது, முகம் வீங்கியிருக்கும், நாட்கணக்கில் படுக்கைதான்.

தலை வெட்டுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கோடரிக்குக் கட்டை வேண்டும், வாளுக்கு வேண்டாம். ஜெர்மன் கொலைவாள் இரண்டு கையால் பிடிப்பது. குத்துகிற வேலை இல்லாததால் நுனி மழுங்கலாக இருக்கும். ஆள் மண்டியிட்டோ நாற்காலியில் இருந்தோ நிமிர்ந்திருக்க, பக்கவாட்டில் வீசுவார்கள். ஆள் அசைந்தால் தோளில் படும். அது நடந்தால் கூட்டம் தண்டனைக்காரன்மேலேயே பாயும்.

சட்டத்தரணி ஒருவர், புதுக்கடை: இராஜத்துரோகத்துக்குச் சித்திரவதையை மட்டுமே எழுதுகிறார்கள். சொத்துக்கு என்ன நடக்கும்?

நல்ல கேள்வி. பகை உண்டாவதே அங்கேதான். இங்கிலாந்தில் சாதாரணக் கொலைகாரனின் நிலம் ஒரு வருடமும் ஒரு நாளும் அரசனிடம் இருந்துவிட்டு, அந்த நிலத்தை அவனுக்குக் கொடுத்திருந்த மேல்நிலப் பிரபுவுக்குப் போகும். துரோகியின் நிலமோ முழுக்க அரசனுக்கு. அதே ஆள், அதே செயல், ஆனால் பேர் மாறினால் காணி வேறு கைக்குப் போகிறது. அரசன் துரோகம் என்பான், பிரபு வெறும் கொலை என்பான். இரண்டு பேருக்கும் நீதியில் அக்கறை இருந்ததாக நினைக்க வேண்டாம். குற்றவாளி குற்றத்தை ஏற்கவும் மாட்டேன் மறுக்கவும் மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டால் வழக்கே தொடங்காது. தீர்ப்பு இல்லாததால் காணி பிள்ளைகளுக்கு மிஞ்சும். 1275க்குப் பிறகு அப்படிப்பட்டவர்களைக் கடும் மறியலில் போட்டுப் பட்டினி வைத்தார்கள், பிற்காலத்தில் நெஞ்சில் பாரம் ஏற்றினார்கள். பிள்ளைகளுக்காக அதைத் தாங்கிச் செத்தவர்கள் இருந்தார்கள்.

சோழநாட்டில் ஆதித்த கரிகாலன் கொலை வழக்கும் காணி வழக்காகவே கல்லில் நிற்கிறது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டில், இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில், துரோகிகளான சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் சொத்தோடு அவர்களின் உடன்பிறந்தார், மக்கள், மாமன்மார், பெண் கொடுத்தவர் எடுத்தவர் எல்லோருடைய சொத்தையும் சபையார் கைப்பற்றி விற்க வேண்டும் என்ற ஆணை இருக்கிறது. விற்ற நிலத்தை வாங்கியவர் அதைத் தருமத்துக்குக் கொடுத்ததால்தான் செய்தி கல்வெட்டாயிற்று. கதையில் நீங்கள் பார்க்க வேண்டிய ஆள், அந்தக் காணியை ஏலத்தில் எடுக்கிறவன். அவன் எப்போதிலிருந்து அந்தக் காணியில் கண் வைத்திருந்தான்?

வாசகி, மட்டக்குளி: என் நாயகி கோயிலுக்குள் ஓடி ஒளிகிறாள். படைவீரர் உள்ளே வரலாமா?

வரக்கூடாது, ஆனால் வெளியே நிற்கலாம். ஆங்கில வழக்கில் தேவாலயத்துக்குள் 40 நாள் அடைக்கலம். ஊரார் இரவு பகலாகச் சுற்றிக் காவல் நிற்பார்கள், தப்பவிட்டால் அவர்களுக்குத் தண்டம். அதற்குள் அவள் மரண விசாரணை அதிகாரி முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு நாட்டை விட்டுப் போவதாகச் சத்தியம் செய்யலாம். அவர் துறைமுகத்தையும் நாளையும் குறிப்பார். கையில் சிலுவையோடு, வெறுங்காலோடு, பெருவழியை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். விலகினால் யாரும் கொல்லலாம். கப்பல் இல்லையென்றால் தினமும் கடலில் முழங்கால் வரை இறங்கி, போக மனமிருக்கிறது என்று காட்ட வேண்டும். இறந்தவனின் அண்ணன் வழிநெடுகப் பற்றைக்குள் பின்தொடர்வான். இலங்கையிலும் 9, 10ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டுகளில், விகாரைக்குக் கொடுத்த ஊருக்குள் அரச அதிகாரிகள் புகக்கூடாது என்ற விலக்கு உண்டு. ஒளிந்தவனை எல்லைக்கு வெளியே கொண்டுவந்த பிறகே பிடிக்கலாம்.

சில சிறு கேள்விகள்

கடன்காரனை மறியலில் போடாமல் மடக்க வழி உண்டா? (வாசகர், கொள்ளுப்பிட்டி)

மார்க்கோ போலோ தமிழ்நாட்டுக் கரையில் கண்டதாகச் சொல்வது: கடன் கொடுத்தவர் கடன்காரனைச் சுற்றி நிலத்தில் வட்டம் கீறிவிட்டால், பணமோ பிணையோ கொடுக்காமல் தாண்டக்கூடாது, தாண்டினால் மரணதண்டனை. வெளிநாட்டு வியாபாரி ஒருவர் அரசனையே குதிரையோடு வட்டத்துக்குள் நிறுத்திக் காசு வாங்கினாராம். செலவில்லாத சிறை.

சித்திரவதையில் எல்லாரும் ஒத்துக்கொள்வார்களே, அதை எப்படி நம்பினார்கள்? (வாசகி, கல்கிசை)

நம்பத் தயங்கினார்கள் என்பதே உண்மை. 1532இல் ஜெர்மன் பேரரசில் வந்த குற்றவியல் சட்டப்படி முன்சான்று இல்லாமல் சித்திரவதை தொடங்கக்கூடாது. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக்கூடாது. ஒத்துக்கொண்டதைப் பிறகு வலியில்லாத நேரத்தில் மறுபடி சொல்ல வேண்டும். கத்தியை எங்கே புதைத்தான் என்றால் அங்கே போய்த் தோண்டிப் பார்க்க வேண்டும். காகிதத்தில் நல்ல சட்டம்தான். மறுபடி சொல்ல மறுத்தவனை மறுபடி கட்டினார்கள்.

தண்டனைக்காரன் முகமூடி போட்டிருப்பானா? (மாணவர், வத்தளை)

தேவையே இல்லை, ஊருக்கே அவனைத் தெரியும். ஜெர்மனியின் நியூறம்பேர்க்கில் பிரான்ஸ் ஷ்மிட் 1578 முதல் 1617 வரை அந்த வேலையைச் செய்து, ஒவ்வொரு தண்டனையையும் நாட்குறிப்பில் எழுதினார். அந்தத் தொழில் குடும்பத்தோடு தீட்டு: கைவினைச் சங்கங்களில் பிள்ளைகளுக்கு இடமில்லை, சம்பந்தம் இன்னொரு தண்டனைக்காரன் வீட்டில்தான். ஆனால் எலும்பு, மூட்டு, காயம் பற்றி அவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் வைத்தியத்துக்கு ஆட்கள் வருவார்கள். ஷ்மிட்டும் வைத்தியம் பார்த்தார். 1624இல் பேரரசரிடம் விண்ணப்பம் கொடுத்துக் குடும்பத்தின் மானத்தைச் சட்டப்படி மீட்டார். விண்ணப்பத்தில் முக்கியமாகக் காட்டியது தன்னிடம் குணமானவர்களின் கணக்கைத்தான்.